அருவிக்கு நடுவே ஓர் எல்லை

இரண்டு நாடுகள் பங்குபோட்டுக்கொள்ளும் பெரிய அருவிகள் எவை என்று கேட்டால் பெரும்பாலோர் மூன்று பெயர்களைச் சொல்வார்கள். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே நயாகரா, அர்ஜெண்டினாவுக்கும் பிரேசிலுக்கும் நடுவே இகுவாசு, ஸாம்பியாவுக்கும் ஸிம்பாப்வேக்கும் நடுவே விக்டோரியா. மூன்றுமே நமக்கு வெகு தொலைவு. நான்காவதாகச் சொல்லப்படும் அருவி நம் ஆசியான் வட்டாரத்திலேயே இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஹனோய்க்கு மூன்றேகால் மணி நேர விமானப் பயணம். அதன் பிறகு ஓர் இரவுப் பேருந்து. வியட்நாமின் வடகோடியில், சீன எல்லையில் விழும் அந்த அருவியை வியட்நாமியர்கள் பான் ஜியோக் என்கிறார்கள். எதிர்க்கரையில் இருக்கும் சீனர்களுக்கு அது டெத்தியான்.

கடந்த செப்டம்பரில் நானும் என் அக்காள் மகனும் அங்கே போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தோம். அவன் ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன். தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து போகிறவன். எல்லை என்றால் அவனுக்குக் குடிநுழைவு வரிசை, கடப்பிதழ், மழைக்கோட்டு, வெயில். விடுமுறைக்கும் இன்னோர் எல்லைக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று விமானத்திலேயே கேட்டுவிட்டான்.

ஹனோயிலிருந்து காவ் பாங் நகரத்துக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர். படுக்கைப் பேருந்தில் இரவு ஏறினால் விடியும்போது இறங்கலாம். தூக்கம் வருமா என்பது வேறு விஷயம். மலைப்பாதை வளைவுகளில் ஓட்டுநர் அடிக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் நாம் படுக்கையிலேயே இடம் வலமாக உருளுவோம். காவ் பாங்கிலிருந்து அருவிக்கு இன்னும் 90 கிலோமீட்டர் அளவு இருக்கிறது. சிறிய பேருந்து ஒன்று போகிறது. அந்தப் பாதைதான் பயணத்தின் முதல் பரிசு. ஈப்போவில் நாம் பார்க்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகளை நூறு மடங்காக்கி, நடுவில் சமமான இடம் கிடைத்த இடத்திலெல்லாம் நெல் நட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. இந்த நிலப்பகுதியை யுனெஸ்கோ 2018இல் தன் உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்றாகச் சேர்த்தது.

அருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்த ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவாய் சோன் ஆறு சீனாவின் குவாங்சி வட்டாரத்தில் பிறக்கிறது. எல்லை தாண்டி வியட்நாமுக்குள் வந்து, துருங் கான் பகுதியின் வயல்களைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. பான் ஜியோக்கில் வந்ததும் மலை விளிம்பிலிருந்து மூன்று படிகளாக இறங்கி விழுகிறது. அதன் பிறகு கொஞ்ச தூரம் அதுவே எல்லைக்கோடாக ஓடி, மறுபடியும் சீனாவுக்கே போய்ச் சேர்கிறது. பிறந்த வீட்டிலிருந்து புறப்பட்டு அயல்வீட்டில் வயலுக்குப் பாய்ந்துவிட்டு, பிறந்த வீட்டுக்கே திரும்பும் ஆறு.

விழும் இடத்தில் அது ஒரே அருவி அல்ல. வியட்நாம் கரையில் நின்று பார்த்தால் இடப்பக்கம் உயரமாக, பல கிளைகளாகப் பிரிந்து விழுவது துணை அருவி. அது முழுக்க வியட்நாமுக்குச் சொந்தம். வலப்பக்கம் மூன்று படிகளாக அகன்று விழுவதுதான் முதன்மை அருவி. எல்லைக்கோடு அதன் நடுவே போகிறது. வறண்ட மாதங்களில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே வெள்ளைச் சுவராக ஆகிவிடும். நாங்கள் போனபோது மழை ஓயும் காலம். தண்ணீரும் நிறைய இருந்தது. நெல்லும் பழுக்கத் தொடங்கியிருந்தது.

அருவியின் அடியில் ஒரு பெரிய குளம். அங்கே மூங்கில் தெப்பத்தில் ஏற்றி அருவிக்குக் கிட்டக் கொண்டுபோகிறார்கள். எங்கள் தெப்பத்தில் பன்னிரண்டு பேர் இருந்தோம். எதிர்க்கரையிலிருந்தும் தெப்பங்கள் வந்தன. அவற்றில் இருந்தவர்கள் சீனச் சுற்றுப்பயணிகள். குளத்தின் நடுவில் கயிறு இல்லை, மிதவை இல்லை, கம்பி இல்லை. இரண்டு நாட்டுத் தெப்பங்களும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து போகின்றன. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். எங்கள் தெப்பத்தில் இருந்த வியட்நாமியக் குழந்தைகள் பதிலுக்குக் கத்தினார்கள். சாரல் இரண்டு தெப்பத்தையும் ஒன்றாகத்தான் நனைத்தது.

"மாமா, எந்த இடத்துல சீனா ஆரம்பிக்குது?" என்று என் மருமகன் கேட்டான். தெப்பக்காரரிடம் சைகையால் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே எதிர்க்கரையைக் காட்டிக் கையை ஆட்டினார். தண்ணீரில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அந்தக் கரையில் கால் வைக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி.

இவ்வளவு எளிமையாக இருக்கிறதே என்று தோன்றும். இந்த எளிமைக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்த எல்லையை முதலில் வகுத்தவர்கள் இங்கே வாழ்ந்தவர்கள் அல்லர். வியட்நாம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, பிரான்சும் சீனாவின் சிங் அரசும் 1887இலும் 1895இலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில்தான் கோடு பிறந்தது. அந்தக் காலத்து எல்லைக்கல் ஒன்று, 53ஆம் எண் கொண்டது, இன்றும் சீனப் பக்கத்தில் இருக்கிறது. வரைபடத்தில் கோடு போட்டுவிட்டார்கள். ஆனால் ஆறும் அருவியும் இருக்கும் இடத்தில் அந்தக் கோடு சரியாக எங்கே போகிறது என்பதில் பின்னாளில் இரு நாடுகளுக்கும் பிணக்கு ஏற்பட்டது.

1979 பிப்ரவரி 17ஆம் தேதி சீனப் படைகள் எல்லை நெடுகிலும் வியட்நாமுக்குள் நுழைந்தன. வியட்நாம் கம்போடியாவுக்குள் படை அனுப்பியதற்குப் பதிலடி என்று சீனா சொன்னது. காவ் பாங் நகரம் சீனப் படைகளின் கைக்குப் போனது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அவர்கள் திரும்பிப் போனபோது நகரத்தில் கட்டடங்கள் மிஞ்சவில்லை. இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதோடு முடியவில்லை. எண்பதுகள் முழுவதும் எல்லையில் பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. 1991இல்தான் இரு நாடுகளும் உறவைச் சீர்செய்துகொண்டன.

நாங்கள் தங்கியது அருவிக்கு அருகிலுள்ள குவோய் கி என்ற கிராமத்தில். டாய் இன மக்கள் வாழும் ஊர். வீடுகளின் சுவர், படி, வேலி எல்லாம் கல். மேலே ஓட்டுக் கூரை. வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய பேத்திக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். தெரியாத இடத்தில் கைத்தொலைபேசி மொழிபெயர்த்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசினோம்.

போர் வந்தபோது அவருக்கு ஆறு வயதாம். அம்மாவின் முதுகில் தம்பி, கையைப் பிடித்தபடி இவர். ஊரே மலைக் குகைக்குள் ஓடியது. எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள் என்று அவருக்கு நினைவில்லை. சோளத்தை வேகவைக்காமலே மென்றதும், அடுப்புப் புகை வெளியே தெரிந்துவிடும் என்று அம்மா பயந்ததும் நினைவிருக்கிறது. திரும்பி வந்தபோது எருமை இல்லை. வீட்டில் கல் மட்டும் நின்றது.

"எங்கள் பெரியம்மாவை அந்தக் கரையில்தான் கட்டிக் கொடுத்திருந்தது" என்றார். பேத்தி இதை இரண்டு முறை சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. டாய் மக்களும் எதிர்க்கரையில் வாழும் சுவாங் மக்களும் நெருங்கிய உறவினர்கள். பேச்சும் ஏறக்குறைய ஒன்று. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். பீஜிங்குக்கும் ஹனோய்க்கும் நடந்த போரில் குண்டு விழுந்தது அக்காள் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவில். பத்து ஆண்டுகளுக்கு மேல் பெரியம்மா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லையாம். அவர் வந்து சேர்ந்தபோது இவருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

1999 டிசம்பர் 30ஆம் தேதி இரு நாடுகளும் நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கையெழுத்துக்குப் பிறகுதான் வேலை ஆரம்பித்தது. 1,400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட எல்லையை அடி அடியாக நடந்து அளந்து, கல் நட வேண்டும். 2008ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை அது நடந்தது. கடைசி வரை இழுத்த இடங்களில் ஒன்று இந்த அருவி. முடிவில், ஆற்றின் நடுவிலுள்ள ஒரு திட்டின் வழியாகப் போகும் கோடு முதன்மை அருவியை நடுவில் வெட்டிச் செல்லும் என்று தீர்மானித்தார்கள். அந்த எல்லைக்கற்களில் ஒன்று, 836 என்ற எண் பொறித்தது, அருவியின் மேற்புறம் ஆற்றங்கரையில் நிற்கிறது. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். நாங்களும் பிடித்துக்கொண்டோம்.

இந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் இனித்ததா? இல்லை. பாடப்புத்தகத்தில் பான் ஜியோக் நம்முடையது என்று படித்து வளர்ந்த வியட்நாமியர்கள் பலருக்கு, பாதியை விட்டுக்கொடுத்துவிட்டார்களே என்ற ஆற்றாமை இன்னும் இருக்கிறது. பெரிய அண்டை நாட்டோடு சிறிய நாடு செய்துகொள்ளும் எந்த உடன்பாட்டிலும் இந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

அன்றிரவு அதே அடுப்பங்கரையில் அந்தக் கருத்தையும் கேட்டோம். வீட்டுக்காரர் அதுவரை பேசாமல் சோளச் சாராயத்தைக் குட்டிக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லைப் பேச்சு வந்ததும் நிமிர்ந்து, "முழுவதும் எங்களுடையது. என் அப்பா அந்தப் பக்கமெல்லாம் மீன் பிடித்திருக்கிறார்" என்றார். அந்த அம்மா உடனே ஏதோ சொன்னார். பேத்தி சிரித்துவிட்டாள். என்னவென்று கேட்டேன்.

"முன்பு எருமையை அவிழ்த்துவிட்டால் எதுவரை மேயலாம் என்று தெரியாது. எங்கே கண்ணிவெடி இருக்கிறது என்றும் தெரியாது. இப்போது கல் நிற்கிறது. எருமைக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்" என்றாராம் பாட்டி.

கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோப்பையை ஊற்றினார். இருவரில் யார் சொல்வது சரி என்று மூன்று நாள் அங்கே தங்கிய நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று கவனித்தேன். அப்பா மீன் பிடித்த இடத்தை இழந்த கோபம் கணவருக்கு. குகைக்குள் திரும்ப ஓட வேண்டியதில்லை என்ற நிம்மதி மனைவிக்கு. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் குளிர் காய்கின்றன.

பங்கு பிரிப்பது என்பது பெரிய நாடுகளுக்கும் எளிதல்ல. நயாகராவை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்காக எவ்வளவு தண்ணீரைத் திருப்பலாம், அருவியில் விழ எவ்வளவு விட வேண்டும் என்று அமெரிக்காவும் கனடாவும் 1950இல் தனி ஒப்பந்தமே போட்டன. சுற்றுலாக் காலத்தின் பகல் நேரத்தில் நொடிக்கு 1 லட்சம் கன அடிக்குக் குறையாமல் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும். மிச்சத் தண்ணீர் ஆளுக்குச் சரிபாதி. நாம் இயற்கையின் பேரோசை என்று வாய்பிளந்து பார்க்கும் அருவி, பின்னால் ஓர் ஒப்பந்தத்தின் கணக்குப்படிதான் விழுகிறது. அதனால் அதன் அழகு குறைந்துவிடவில்லை.

அப்படி ஒரு கணக்குக்கு வர முடியாத இடங்களும் நமக்குப் பக்கத்திலேயே உள்ளன. தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நடுவே பிரியா விஹார் கோயில். அது கம்போடியாவுக்குச் சொந்தம் என்று அனைத்துலக நீதிமன்றம் 1962இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் எல்லைத் தகராறு ஓயவில்லை. 2025 ஜூலையில் இரு நாட்டு எல்லையில் மீண்டும் பீரங்கி முழங்கியது. போர்நிறுத்தப் பேச்சு நம் புத்ராஜெயாவில்தான் நடந்தது. அதன் பிறகும் அமைதி நிலைக்கவில்லை. சிவபெருமானுக்குக் கட்டிய கோயில் அது. அதைப் பார்க்கப் போக வேண்டிய மக்கள் மூட்டை முடிச்சோடு முகாம்களுக்குப் போனார்கள்.

நம் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. பான் ஜியோக்கில் கல் நட்டு முடித்த அதே 2008இல், மே 23ஆம் தேதி, புலாவ் பத்து பூத்தே சிங்கப்பூருக்கு என்று அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்கத்திலுள்ள மிடல் ராக்ஸ் பாறைகள் நமக்கு. பலருக்குக் கசப்பாக இருந்தது. இன்றும் காப்பிக்கடைப் பேச்சில் அது எழும். ஆனால் தீர்ப்புக்கு மறுநாள் காலையும் ஜொகூர் பாலத்தில் மோட்டார்சைக்கிள்கள் வழக்கம்போல வரிசை பிடித்தன. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றுத் தண்ணீர், நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை, சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆயிரம் கேலன் மூன்று காசு என்ற விலையில் நமக்குக் குறை உண்டு. பேச வேண்டிய குறைதான். பேசுவதற்கு ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. அது 2061 வரை செல்லும்.

இதைச் சொன்னபோது என் மருமகன், "வேலை இடத்துல நான் குழாயத் திறந்தா பாதி நேரம் நம்ம ஊர் தண்ணிதான் வருதுன்னு சொல்லுங்க" என்றான். எல்லைக்கல்லைப் பார்த்து அலுத்துக்கொண்டவன், அதன் பிறகு தன் படத்தை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான்.

பான் ஜியோக்கில் இரு நாடுகளும் இன்னும் ஓரடி முன்னே போயிருக்கின்றன. அருவியைச் சேர்ந்து காப்பதற்கும் சுற்றுலாவைச் சேர்ந்து நடத்துவதற்கும் 2015இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். 2023 செப்டம்பரில் சோதனை முயற்சியாகவும், 2024 அக்டோபரில் முறைப்படியும், எல்லை கடந்த சுற்றுலா வட்டாரம் திறக்கப்பட்டது. பதிவு செய்த குழுக்களாக வியட்நாமியர் அந்தக் கரைக்கும் சீனர் இந்தக் கரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தனியாகப் போன எங்களுக்கு அந்த வழி இல்லை. சோதனைச் சாவடி அருகே கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஒரு குழு வரிசையாகப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மாவின் பெரியம்மா மகள் அப்படி ஒரு தடவை வந்து, சுற்றுலாப்பயணி போல டிக்கெட் வாங்கித் தங்கை வீட்டைப் பார்த்துவிட்டுப் போனாராம். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கவலையும் இல்லாமல் இல்லை. எதிர்க்கரையில் தங்கும் விடுதிகளும் நடைபாதைகளும் ஏறிக்கொண்டே போகின்றன. இந்தக் கரையும் அதைப் பார்த்துக் கடை மேல் கடையாகப் பரப்புகிறது. போரில் தப்பிய அருவி சுற்றுலாவில் நசுங்கிவிடக் கூடாது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தண்ணீரின் பெருக்கைப் பார்க்க வேண்டும் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பச்சை கலந்த நீல நீரும் பொன்னிற வயலும் வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். அந்த மாதங்களில்தான் நாம் பெராங்கான் என்று சொல்லும் செஸ்நட் கொட்டையும் கிடைக்கும். துருங் கான் செஸ்நட் வியட்நாம் முழுக்கப் பேர்போனது. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் "ஆன் சாய்" என்று சொல்லிவிடுங்கள். சோறு, தோப்பு, கீரை, மூங்கில் குருத்து என்று ஏதாவது தருவார்கள். கொஞ்சம் ஊறுகாய் கொண்டுபோனால் நிம்மதி. வழியில் ஃபுக் சென் என்ற ஊரில் நூங் இனக் கொல்லர்கள் பழைய லாரி வில்தகட்டில் கத்தி அடிக்கிறார்கள். வாங்கினால் விமானத்தில் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

அருவிக்குப் பக்கத்திலேயே 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குகை ஒன்று இருக்கிறது. பெயர் ஙுவோம் ஙாவ். டாய் மொழியில் புலிக்குகை என்று பொருள். பள்ளியில் ங வரிசையை எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள், அந்த எழுத்தால் தொடங்கும் ஓர் ஊர்ப்பெயரைக் கடைசியில் இங்கே கண்டு மகிழலாம். வெளிநாட்டவர் பலர் திணறும் அந்தப் பெயரை நாங்கள் முதல் தடவையிலேயே சொன்னதும் நுழைவுச்சீட்டு கொடுத்த பெண் வியந்து பார்த்தார்.

கிராமத்தில் ஓர் இரவாவது தங்குங்கள். பகலில் வந்து படம் பிடித்துவிட்டு மாலையே திரும்பிவிடுகிறவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள். அதன் பாதியை இழந்ததாக நினைப்பவரும், பாதியாவது நிலைத்ததே என்று நினைப்பவரும் ஒரே பாயில் உட்கார்ந்து உங்களுக்குச் சோறு போடுவதை, இரவு தங்கினால்தான் பார்க்க முடியும்.